விவாகரத்து வேண்டும் என்று துணையிடம் சொல்வது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு பழுப்பு நிறக் கவர். மனைவியின் வக்கீல் அனுப்பிய நோட்டீஸ். பதிவுத் தபாலில், அவர் வேலை செய்யும் இடத்துக்கே வந்திருக்கிறது. கையெழுத்துப் போட்டு வாங்கி, பக்கத்து மேசைக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிரித்திருக்கிறார். என் எதிரே உட்கார்ந்து ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "மேடம், அன்னிக்குக் காலையில அவளுக்கு நான்தான் காபி போட்டுக் கொடுத்தேன். குடிச்சிட்டு டம்ளரைக் கழுவி வெச்சுட்டுப் போனா. அப்பக்கூட ஒரு வார்த்தை சொல்லலை."

நோட்டீஸில் இருந்த குற்றச்சாட்டுகள் எதுவும் அவரைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. அந்த டம்ளர்தான் பாதித்தது. இருவரும் சேர்ந்து மனுப் போட்டிருந்தால் ஓராண்டுக்குள் முடிந்திருக்கக்கூடிய அந்த வழக்கு நான்கு ஆண்டுகள் இழுத்தது. சமரசம் பேசும்போதெல்லாம் அவர் ஒன்றையே சொல்வார்: "எங்கிட்ட நேர்ல சொல்லியிருக்கலாம்ல?"

குடும்ப வழக்குகளை நடத்தி நான் கற்றது இது. விவாகரத்து எப்படி முடியும் என்பது பெரும்பாலும் அது எப்படிச் சொல்லப்பட்டது என்பதில் இருக்கிறது. பிரிவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு, அதில் நான் தலையிடவில்லை. முடிவு எடுத்துவிட்டீர்கள், எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தவிக்கிறீர்கள் என்றால் மேலே படியுங்கள்.

முதலில் ஒன்று: அடி, மிரட்டல் இருக்கும் வீடா?

உங்களை அடிக்கும், கழுத்தைப் பிடிக்கும், பூட்டி வைக்கும், "விட்டுட்டுப் போனா கொன்னுடுவேன்" என்று சொல்லும் துணையாக இருந்தால், கீழே நான் சொல்லும் "உட்கார்ந்து பேசுங்கள்" என்பதெல்லாம் உங்களுக்கு இல்லை. பிரியப் போகிறேன் என்று சொல்லும் நேரம்தான் அப்படிப்பட்ட வீட்டில் மிக ஆபத்தான நேரம்.

நீங்கள் முதலில் பத்திரமான இடத்துக்குப் போங்கள், குழந்தைகளுடன். அதற்கு அப்புறம் சொல்லுங்கள். போனில் சொல்லலாம், வக்கீல் மூலம் சொல்லலாம். அந்தப் பழுப்புக் கவர் சரியான வழியாக இருப்பது இங்கேதான். போகும் முன்பே அடையாள அட்டைகள், கொஞ்சம் பணம், மாத்திரைகள், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, நம்பிக்கையான பக்கத்து வீட்டிலோ தோழி வீட்டிலோ வைத்துவிடுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181, அவசரத்துக்கு 112. குடும்ப வன்முறைச் சட்டம், 2005-ன் கீழ் ஒவ்வொரு மாவட்டத்திலும் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அவர் மூலமாக நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவும், வாழ்ந்த வீட்டிலேயே தொடர்ந்து இருப்பதற்கான உத்தரவும் கேட்கலாம். வீடு கணவர் பெயரிலோ மாமியார் பெயரிலோ இருக்கிறது என்பதற்காக உங்களை வெளியே தள்ளிவிட முடியாது.

அடி வாங்கும் ஆண்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள். அந்தச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. ஆனால் முதலில் பாதுகாப்பு, பிறகு பேச்சு என்பது அவர்களுக்கும் அதேதான். 112 எல்லோருக்கும் உண்டு.

படி 1: இது முடிவா, கோபமா என்று பாருங்கள்

நம் வீடுகளில் "டைவர்ஸ்" என்ற சொல் சண்டையில் சாதாரணமாக வந்து விழுகிறது. "இப்படியே போனா டைவர்ஸ்தான்" என்று நீங்கள் ஏற்கெனவே பத்துத் தடவை சொல்லியிருந்தால், பதினோராவது தடவை நிஜமாகச் சொல்லும்போது யாரும் நம்ப மாட்டார்கள். அதனால் இன்றிலிருந்து அந்தச் சொல்லைச் சண்டையில் எடுக்காதீர்கள்.

வருபவர்களிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: சண்டை எதுவும் இல்லாத, பிள்ளைகள் சிரித்து விளையாடிய, சாப்பாடும் நன்றாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவிலும் இந்த எண்ணம் அப்படியே இருக்கிறதா? இருக்கிறது என்றால் அது முடிவு. சண்டை நாட்களில் மட்டும் வருகிறது என்றால், நீங்கள் சொல்ல வேண்டியது வேறு வாக்கியம்: "நம்ம ரெண்டு பேரும் ஒரு கவுன்சிலரைப் பார்க்கணும், இப்படியே போனா என்னால தாங்க முடியாது." துணை திருந்த வேண்டும் என்பதற்காக விவாகரத்தைக் கேட்காதீர்கள். பயமுறுத்தலுக்குப் பணிந்து வரும் மாற்றம் நீடித்து நான் பார்த்ததில்லை.

படி 2: வாயைத் திறக்கும் முன் சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்

முழுச் சட்டமும் வேண்டாம். துணை கேட்கும் முதல் கேள்விகளுக்குப் பொய் சொல்லாமல் இருக்கும் அளவுக்குத் தெரிந்தால் போதும்.

உங்கள் திருமணம் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்று முதலில் பாருங்கள். இந்துக்களுக்கு இந்து திருமணச் சட்டம், 1955. ஐயர் இல்லாமல், மாலை மாற்றி நடந்த சுயமரியாதைத் திருமணமும் தமிழ்நாட்டில் 7ஏ பிரிவின்படி இதற்குள்தான் வரும். பதிவு அலுவலகத்தில் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் செய்திருந்தால் 1954-ம் ஆண்டுச் சட்டம். கிறிஸ்தவர்களுக்கு 1869-ம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம். முஸ்லிம் பெண்கள் 1939-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் போகலாம். குலா (மனைவி கேட்டுப் பெறும் பிரிவு), முபாரத் (இருவரும் சம்மதித்துப் பிரிவது) வழிகளும் உண்டு. முஸ்லிம் ஆண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: ஒரே மூச்சில் மூன்று முறை தலாக் சொல்வது, அது வாயாலோ வாட்ஸ்ஆப்பிலோ எப்படிச் சொன்னாலும், 2019-ம் ஆண்டுச் சட்டப்படி செல்லாது. செல்லாதது மட்டுமல்ல, மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை உள்ள குற்றம்.

இந்து திருமணச் சட்டத்தில் இரண்டு வழிகள். ஒன்று, இருவரும் சம்மதித்துச் சேர்ந்து மனுப் போடுவது. இது 13பி பிரிவு. அதற்கு ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். பிரிந்து வாழ்வது என்றால் தனித்தனி வீடு என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் அதுவும் பிரிந்து வாழ்வதுதான் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. மனுப் போட்ட பிறகு ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள் இரண்டாவது முறை போய் உறுதி செய்ய வேண்டும். ஏற்கெனவே நீண்ட நாள் பிரிந்திருந்து, ஜீவனாம்சம், குழந்தை என எல்லாவற்றிலும் உடன்பாடு வந்துவிட்டால் அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்ய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. இது 2017-ல் வந்த தீர்ப்பு.

இரண்டாவது வழி, ஒருவர் மட்டும் போடும் வழக்கு. அதற்குக் கொடுமை, இரண்டு ஆண்டு கைவிட்டுப் போனது, வேறொருவருடன் உறவு போன்ற காரணம் ஒன்றைச் சொல்லி நிரூபிக்க வேண்டும். "எங்களுக்கு ஒத்துப்போகவில்லை" என்பது மட்டும் இந்தச் சட்டத்தில் காரணம் இல்லை. மீட்க முடியாதபடி முறிந்த திருமணத்தை ரத்து செய்யும் அதிகாரம் அரசியலமைப்பின் 142-வது பிரிவின் கீழ் தனக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சொன்னது. அது உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உள்ள அதிகாரம், உங்கள் ஊர்க் குடும்ப நீதிமன்றத்தில் அதைக் கேட்க முடியாது. இதிலிருந்து ஒன்று புரிகிறதா? பெரும்பாலானவர்களுக்கு நல்ல வழி என்பது துணையின் சம்மதம் இருக்கும் வழிதான். அந்தச் சம்மதத்துக்கான விதை நீங்கள் சொல்லப் போகும் முதல் பேச்சில் விழுகிறது.

மூன்று தவறான நம்பிக்கைகளையும் இங்கேயே விட்டுவிடுங்கள். பஞ்சாயத்தில் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டால் அத்துவிட்டாச்சு என்று நினைப்பது முதலாவது. சில சமூகங்களில் வழக்காறாகவே விவாகரத்து உண்டு, அதைச் சட்டமும் ஒப்புக்கொள்கிறது. ஆனால் அந்த வழக்காறு இருப்பதை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். மற்றவர்களுக்கு அந்தக் காகிதம் வெறும் காகிதம்தான். அதை நம்பி மறுமணம் செய்து, அது செல்லாமல் போய், குழந்தையோடு வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஏழு வருடம் பிரிந்திருந்தால் தானாகவே ரத்தாகிவிடும் என்பது இரண்டாவது. எத்தனை வருடம் ஆனாலும் தானாக ரத்தாகாது. பாதிச் சொத்து மனைவிக்கு வந்துவிடும் என்பது மூன்றாவது. மேலே சொன்ன சட்டங்கள் எதிலும் அப்படி ஒரு விதி இல்லை. ஜீவனாம்சம் உண்டு. அதை இருவரின் வருமானம், தேவை, பொறுப்புகளைப் பார்த்து நீதிமன்றம் தீர்மானிக்கும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது, எந்தப் பெண்ணும் இலவசமாக வக்கீல் கேட்கலாம். தொலைபேசி எண் 15100.

படி 3: காகிதங்களை நகல் எடுங்கள், எதையும் எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள்

திருமணப் பதிவுச் சான்றிதழ், திருமண அழைப்பிதழ், புகைப்படம், ஆதார், வங்கிப் புத்தகங்கள், வீட்டுக் கடன் காகிதம், காப்பீட்டுப் பாலிசி, பிள்ளைகளின் சான்றிதழ்கள் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வையுங்கள். மூலப் பத்திரங்கள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பேசுவதற்கு முந்தின நாள் பீரோ காலியாக இருந்தால், நீங்கள் என்ன சொன்னாலும் "பிளான் போட்டுட்டாங்க" என்பதுதான் காதில் விழும்.

நகை விஷயத்தில் தனியாகக் கவனம் வேண்டும். பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் பெண்ணுக்கென்று கொடுத்த நகையும் சீரும் அவளுடைய சொத்து. சீதனம் அவளுக்கு மட்டுமே உரியது என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே தெளிவாகச் சொன்னது. எத்தனை சவரன், எது லாக்கரில், எது அடகில், எந்த நகைக்கடன் யார் பெயரில் என்று ஒரு தாளில் எழுதுங்கள். கல்யாண ஆல்பத்தில் நகை தெரியும் படங்களைத் தனியே எடுத்து வையுங்கள். அந்த ஆல்பம் நீதிமன்றத்தில் எவ்வளவு பேசும் என்பது பலருக்குத் தெரியாது.

இருவர் பெயரிலும் இருக்கும் கணக்கைக் காலி செய்யாதீர்கள். துணையின் போனை நோண்டாதீர்கள். உங்கள் பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்கு இல்லையென்றால் இப்போதே தொடங்கிவிடுங்கள். குறிப்பாக வேலைக்குப் போகாத பெண்கள்.

படி 4: அம்மாவுக்கு முன் துணைக்கு

இதில்தான் நம் ஊரில் அதிகம் பேர் சறுக்குகிறார்கள்.

மனசு தாங்காமல் அம்மாவிடம் சொல்வோம். அம்மா சித்தியிடம் அழுவார். சித்தி, "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று சொல்லி அத்தையிடம் சொல்வார். மூன்றாம் நாள் மாமியார் போன் செய்வார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் பன்னிரண்டு பேர் ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். தன் திருமணம் முடியப் போகிறது என்பதை உங்கள் துணை அந்த நாற்காலிகளுக்கு நடுவே நின்று தெரிந்துகொள்வார். அதற்குப் பிறகு அவரிடம் நிதானத்தை எதிர்பார்ப்பதில் நியாயம் இல்லை.

முன்கூட்டியே சொல்லியே ஆக வேண்டும் என்றால் ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள். வாயைத் திறக்காத ஒருவர். சொல்லும் நாளில் போன் அடித்தால் வந்து நிற்கக்கூடியவர். அது அக்காவாக இருக்கலாம், பழைய தோழனாக இருக்கலாம். மற்ற எல்லோருக்கும் முன்னால் துணைக்குத் தெரிய வேண்டும், உங்கள் வாயால் தெரிய வேண்டும்.

படி 5: நாளும் இடமும்

தீபாவளி, பொங்கல் வாரம் வேண்டாம். மாமனாரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கும்போது வேண்டாம். பிள்ளைக்குப் பத்தாம் வகுப்போ பன்னிரண்டோ பொதுத்தேர்வு நடக்கும் மார்ச் மாதம் வேண்டவே வேண்டாம். ஆனால் அதற்காகத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகாதீர்கள். நம் குடும்பங்களில் விசேஷம் இல்லாத மாதம் கிடையாது. மச்சினி கல்யாணம் முடியட்டும், கிரகப்பிரவேசம் முடியட்டும் என்று இரண்டு வருடம் தள்ளியவர்கள், கடைசியில் ஒரு சண்டையின் நடுவே கத்திச் சொல்லிவிடுகிறார்கள்.

சனிக்கிழமை காலை நல்ல நேரம். பிள்ளைகள் தாத்தா பாட்டி வீட்டில் இருக்கட்டும். வீட்டிலேயே பேசுங்கள், ஓட்டலில் பேசினால் அழக்கூட முடியாது. காரில் வேண்டாம், ஓட்டுபவர் கை நடுங்கும். இரவு பதினொரு மணிக்குப் படுக்கையில் வேண்டாம், அதற்கப்புறம் ஒரு நீண்ட இரவு இருக்கிறது. குடித்திருக்கும் நேரத்தில் கண்டிப்பாக வேண்டாம்.

கணவர் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்தால்? இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. சில மாதங்களில் விடுமுறையில் வருகிறார் என்றால் காத்திருங்கள், ஆனால் விமானத்தை விட்டு இறங்கிய மறுநாளே சொல்லாதீர்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் வருவார் என்றால் வீடியோ அழைப்பில் சொல்லலாம். அப்போது ஒன்று யோசியுங்கள்: அவர் அறையில் ஆறு பேர் இருப்பார்கள். "நாளைக்கு டூட்டி இல்லாதப்போ, தனியா இருக்கிற இடத்துக்குப் போயிட்டுக் கூப்பிடுங்க, முக்கியமா பேசணும்" என்று முதல் நாளே சொல்லுங்கள். அவருடைய நண்பர் ஒருவரின் எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பேசி முடித்த பிறகு அவர் தனியாக இருக்கக் கூடாது. எழுத்துச் செய்தியாக மட்டும் அனுப்பாதீர்கள்.

படி 6: சொல்லும் வார்த்தைகள்

உட்கார்ந்த இரண்டு நிமிடத்துக்குள் விஷயம் வந்துவிட வேண்டும். அரை மணி நேரம் பழைய கதை பேசிவிட்டுக் கடைசியில் சொன்னால், அந்த அரை மணி நேரமும் குற்றப்பத்திரிகை வாசித்ததாகத்தான் ஆகும்.

மனைவி கணவரிடம் சொல்வதென்றால் இப்படிச் சொல்லலாம்: "உங்ககிட்ட ஒரு கஷ்டமான விஷயம் சொல்லணும். ரொம்ப நாளா யோசிச்சு எடுத்த முடிவு. இந்தக் கல்யாண வாழ்க்கையைத் தொடர என்னால முடியலை. எனக்கு விவாகரத்து வேணும். கோபத்துல சொல்லலை. பாப்பாவுக்கு நீங்க எப்பவும் அப்பாதான், அதுல நான் குறுக்க நிக்க மாட்டேன்."

கணவர் மனைவியிடம்: "இதை உங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும், சொல்லாம இருந்தது என் தப்பு. நான் பிரியறதுன்னு முடிவு பண்ணிட்டேன். எனக்கு விவாகரத்து வேணும். பணம், வீடு பத்தியெல்லாம் இன்னிக்கே பேச வேண்டாம். உன்னை நடுத்தெருவுல நிறுத்த மாட்டேன்." கடைசி வாக்கியத்தை மனப்பூர்வமாகச் சொல்ல முடிந்தால் மட்டும் சொல்லுங்கள்.

தமிழில் இரண்டு இடங்களில் நாக்கு நம்மை ஏமாற்றும். ஒன்று, "நாம பிரிஞ்சிடலாம்". இது நீங்கள் மட்டும் எடுத்த முடிவு. "நாம" என்று சொன்னால் அவரையும் அதில் இழுத்துவிடுகிறீர்கள், "நான் எப்போ சொன்னேன்?" என்று அங்கேயே சண்டை தொடங்கும். "நான்" என்றே சொல்லுங்கள். இரண்டாவது, "பிரிஞ்சிடலாம்னு தோணுது", "போயிடலாம்னு இருக்கேன்". நமக்கு அது மென்மையாகச் சொல்வதாகத் தோன்றும். கேட்பவருக்கு அது பாதி திறந்த கதவு. அந்தக் கதவின் முன் மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். அதேபோல, திரும்ப வரும் எண்ணமே இல்லாதபோது "கொஞ்ச நாள் பிரிஞ்சிருந்து பார்க்கலாம்" என்று சொல்லாதீர்கள். அந்தக் கொஞ்ச நாள் முழுவதும் ஒருவர் கோவில் கோவிலாகப் போய் வேண்டிக்கொண்டிருப்பார்.

"எங்கம்மா அன்னிக்கே சொன்னாங்க", "உங்க வளர்ப்பு அப்படி", "உன்னால என் வாழ்க்கையே போச்சு" ஆகிய மூன்றும் வேண்டாம். பெற்றவர்களைத் தொட்டுவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்தது. ஏன் என்று கேட்பார். ஒன்றோ இரண்டோ உண்மையான காரணத்தைச் சொல்லுங்கள். பத்து வருடப் பட்டியல் வேண்டாம்.

"வேற யாராவது இருக்காங்களா?" என்ற கேள்வி கிட்டத்தட்ட எல்லோரிடமும் வரும். இல்லையென்றால் இல்லை. இருந்தால் பொய் சொல்லாதீர்கள், ஆனால் விவரங்களுக்குள் போக வேண்டாம். திருமணத்துக்கு வெளியே உறவு என்பது 2018-லிருந்து குற்றம் இல்லை என்றாலும், விவாகரத்துக்கான காரணமாக அப்படியேதான் இருக்கிறது. அதனால் இருந்தால் முதலில் உங்கள் வக்கீலிடம் பேசிவிட்டு இந்தப் பேச்சுக்கு வாருங்கள். மறைத்து, பிறகு தெரியவந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

என்னிடம் வந்த ஒருவர் தான் சொன்ன நாளைப் பற்றிச் சொன்னார். சமையலறை வாசலில் நாற்காலியில் உட்கார்ந்துதான் சொல்லியிருக்கிறார். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. குக்கர் மூன்றாவது விசில் அடித்திருக்கிறது. எழுந்து போய் அடுப்பை அணைத்தார், கையைப் புடவைத் தலைப்பில் துடைத்தார், திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார். அப்புறம் கேட்டாராம்: "தம்பிகிட்ட யார் சொல்றது, நீங்களா நானா?" அவர் அழுகைக்கும் ஆத்திரத்துக்கும் தயாராகப் போனவர். அந்தக் கேள்விக்குத் தயாராகவில்லை.

அப்படித்தான். எது வரும் என்று சொல்ல முடியாது. சிலர் கத்துவார்கள், சிலர் காலில் விழுவார்கள், சிலர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்கள். நீங்கள் பதிலுக்குப் பதில் பேச வேண்டியதில்லை. "உங்களுக்கு இது எவ்வளவு கஷ்டம்னு தெரியுது" என்று சொல்லிவிட்டு இருங்கள். "யோசிச்சுப் பாரு" என்றால், "நிறைய யோசிச்சுட்டேன்" என்று சொல்லுங்கள். குரல் உயர்ந்துகொண்டே போனால், "நாளைக்குப் பேசலாம்" என்று எழுந்துவிடுங்கள். ஒரே உட்காரலில் முடிய வேண்டிய பேச்சு இல்லை இது.

"நான் செத்துடுவேன்" என்று சொன்னால் அதைச் சும்மா மிரட்டல் என்று ஒதுக்காதீர்கள். தனியாக விடாதீர்கள். அவருடைய அண்ணனையோ நெருங்கிய நண்பரையோ உடனே வரச் சொல்லுங்கள். பூச்சிமருந்து, மாத்திரைகள் வீட்டில் இருந்தால் அப்புறப்படுத்துங்கள். 104 அல்லது 14416 எண்ணில் மனநல ஆலோசகர்கள் பேசுவார்கள். அந்தப் பயத்தில் "சரி, நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிடாதீர்கள். அவரைக் காப்பாற்றுவது வேறு, திருமணத்தைத் தொடர்வது வேறு. பக்கத்தில் வேறொருவர் வந்து நிற்கும்வரை நீங்கள் நில்லுங்கள்.

படி 7: அன்று இரவும் அடுத்த பத்து நாட்களும்

எங்கே படுப்பது என்பதை முன்கூட்டியே யோசித்து வையுங்கள். முடிவைச் சொன்னவர் ஹாலுக்குப் போவதுதான் முறை.

கோபத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டாம். நாலு நாள் அம்மா வீட்டுக்குப் போனால் கைவிட்டதாக ஆகிவிடாது, சட்டம் கேட்பது இரண்டு ஆண்டு. ஆனால் போன பிறகு பூட்டை மாற்றிவிட்டார்கள் என்றால் திரும்ப உள்ளே வர ஒரு வழக்கு நடத்த வேண்டியிருக்கும். யார், எப்போது, எங்கே போவது என்பதைப் பேசி முடிவு செய்துவிட்டுப் போங்கள்.

இந்த நாட்களில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், எதிலும் கையெழுத்து வாங்கவும் வேண்டாம். குற்ற உணர்ச்சியில், "வீட்டை நீயே வெச்சுக்கோ, எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்று சொன்னவர்கள் ஆறு மாதம் கழித்து அதை மறுக்கும்போது நம்பிக்கை உடைந்துபோகிறது. வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் தத்துவம் போடாதீர்கள். எழுதும் ஒவ்வொரு செய்தியையும் ஒரு நீதிபதி படிப்பார் என்று நினைத்து எழுதுங்கள். கணவன் மனைவி பேச்சை ஒருவர் ரகசியமாகப் பதிவு செய்திருந்தாலும் திருமண வழக்கில் அதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்திருக்கிறது.

துணைக்கு அவகாசம் கொடுங்கள். உங்களுக்கு இந்த முடிவுக்கு வர இரண்டு வருடம் ஆகியிருக்கும். அவருக்கு இன்று முதல் நாள். சொன்ன மறுவாரமே "மனுவுல கையெழுத்துப் போடு" என்று நின்றால் யாருக்கும் மனசு வராது.

படி 8: பிள்ளைகளிடம்

இருவரும் சேர்ந்து சொல்லுங்கள், இருவரில் ஒருவர் வேறு வீட்டுக்குப் போவது உறுதியான பிறகு சொல்லுங்கள். "அம்மாவும் அப்பாவும் இனி தனித்தனி வீட்டுல இருக்கப் போறோம். எங்களுக்குள்ள ஒத்து வரலை. நீ செஞ்ச எதாலயும் இல்லை." அவ்வளவு போதும். யார் தப்பு என்பது அதில் வரக் கூடாது.

குழந்தை கேட்பது வேறு கேள்விகள்: ஸ்கூலுக்கு யார் கூட்டிட்டுப் போவாங்க, என் சைக்கிள் எந்த வீட்டுல இருக்கும், நாய்க்குட்டி யாரோட போகும். இந்தக் கேள்விகளுக்கு விடை தெரிந்த பிறகு போய் உட்காருங்கள். சட்டத்தில் குழந்தையின் நலன்தான் முதன்மை. ஐந்து வயது நிறையாத குழந்தை வழக்கமாக அம்மாவிடம் இருக்கும். அதற்கு மேல் எதுவும் தானாக யாருக்கும் எழுதி வைக்கப்பட்டதில்லை. அதனால் "குழந்தையை உன் கண்ணுலயே காட்ட மாட்டேன்" என்று யார் மிரட்டினாலும் பயப்பட வேண்டாம், நீங்களும் அப்படி மிரட்ட வேண்டாம்.

படி 9: பெரியவர்களிடம்

அவரவர் பெற்றோரிடம் அவரவரே சொல்வது நல்லது. எந்த நாளில் சொல்வது என்பதை இருவரும் பேசி ஒரே நாளாக வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோருக்கு உங்கள் வாழ்க்கையைப் பற்றிய கவலை ஒரு பக்கம், அடுத்து வரும் கல்யாண வீட்டில் யாராவது கேட்டால் என்ன சொல்வது என்ற கவலை இன்னொரு பக்கம். இரண்டாவதைக் கேலி செய்யாதீர்கள், அவர்கள் வாழும் உலகம் அது. அவர்கள் கையில் ஒரு வாக்கியத்தைக் கொடுத்துவிடுங்கள்: "பசங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்கிட்டாங்க, நாங்க தலையிடலை." எத்தனையோ அம்மாக்கள் இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு விசேஷ வீடுகளுக்குப் போய் வந்திருக்கிறார்கள்.

பஞ்சாயத்துப் பேச்சு தவிர்க்கவே முடியாது என்றால் பக்கத்துக்கு இரண்டு பேர் என்று எண்ணிக்கை வையுங்கள். பேசுவது நகை, பணம், குழந்தை பற்றி மட்டும் இருக்கட்டும்.

படி 10: காகித வேலை

துணை ஒப்புக்கொண்டால், குழந்தை யாரிடம், மற்றவர் எப்போது பார்ப்பது, ஜீவனாம்சம் மாதா மாதமா மொத்தமாகவா, நகை, சீர், கடன் தவணை, பள்ளிக் கட்டணம் எல்லாவற்றையும் எழுதி உடன்படிக்கை செய்து, அதோடு கூட்டு மனுப் போடுங்கள். ஆளுக்கொரு வக்கீல் வைத்துக்கொள்வது நல்லது. இறுதி உத்தரவு வருவதற்குள் இருவரில் யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அதனால் உடன்படிக்கை இருவருக்கும் நியாயமாக இருப்பது உங்களுக்கே பாதுகாப்பு.

எவ்வளவு பேசியும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை, தனியாகத்தான் வழக்குப் போட வேண்டும் என்றாகிவிட்டால், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குடும்ப நீதிமன்றத்திலிருந்து சம்மன் வரும். "வர்ற வாரம் மனுப் போடப் போறேன். சம்மன் உங்க ஆபீஸுக்கு வரட்டுமா, வீட்டுக்கு வரட்டுமா?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் முகவரியை வக்கீலிடம் எழுதிக் கொடுங்கள்.